சட்டத்தில் 'கலர்' என்றால் என்ன? மலையில் இருப்பவர்கள் கேட்ட கேள்விகள்

நான் வக்கீல் இல்லை. குன்னூரில் ஒரு வக்கீல் ஆபீசில் 22 வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். இங்கிலீஷில் இருக்கும் தீர்ப்பையும் நோட்டீசையும் கட்சிக்காரர்களுக்குத் தமிழில் சொல்லிப் புரியவைப்பது என் வேலையில் பாதி. அந்தப் பாதியில் என்னை அதிகம் தடுக்கி விழவைத்த சொல் 'கலர்'. கோத்தகிரியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் இதைப் பற்றிக் கேட்டவர்களின் கேள்விகளை ஓரளவு சேர்த்து வைத்திருக்கிறேன். வழக்கு நடந்துகொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நேராகக் கோர்ட்டுக்குப் போகாமல் தங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும்.

கலர் என்றால் நிறம்தானே? சட்டப் புத்தகத்தில் அதற்கு என்ன வேலை?

தேயிலைத் தூளில் சாயம் கலந்திருக்கிறதா என்று சோதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வடிதாளில் கொஞ்சம் தூளைப் பரப்பி, பச்சைத் தண்ணீரைத் தெளித்து, சற்று நேரம் கழித்துத் தூளை உதறிவிடுவார்கள். தாளைக் குழாயடியில் காட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்கள். நல்ல தூள் என்றால் தாளில் கறை நிற்காது. சாயத்தூள் என்றால் செம்பழுப்பாகத் திட்டுத் திட்டாக நின்றுவிடும். தேயிலையின் நிறம் இறங்க வெந்நீர் வேண்டும், சாயத்துக்குப் பச்சைத் தண்ணீரே போதும்.

சட்டம் 'கலர்' என்று சொல்வது இந்த மேல்பூச்சைத்தான். ஒரு செயலுக்கோ பத்திரத்துக்கோ சட்டத்துக்கோ வெளியே தெரிகிற தோற்றம் ஒன்று இருக்கிறது. உள்ளே அதற்கு ஏற்ற சரக்கு இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. தோற்றத்தை மட்டும் குறிக்க ஒரு சொல் வேண்டியிருந்தது, இங்கிலீஷ்காரர்கள் 'கலர்' என்று வைத்துக்கொண்டார்கள்.

அப்படியென்றால் 'போலி' என்று மொழிபெயர்த்துவிட்டால் போதாதா?

போதாது. நான் பட்ட பாட்டிலிருந்து சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரு பிரமாணப் பத்திரத்தின் தமிழ்ப் படியில் 'அண்டர் கலர் ஆஃப் ஆபீஸ்' என்பதைப் 'போலி அதிகாரியாக' என்று எழுதிவிட்டேன். எதிர்த்தரப்பு ஒரு அசல் வருவாய் ஆய்வாளர்! சீனியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அந்த ஆளு போலின்னு நாம எங்கய்யா சொன்னோம்? ஆளு நிஜம், நாற்காலி நிஜம், சீல் நிஜம். செஞ்ச வேலைதான் அந்த நாற்காலிக்கு உரியது இல்லை" என்றார். அன்று முழுக்கப் படியைத் திரும்ப டைப் அடித்தேன்.

இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். கலர் என்றால் பொய் என்று அர்த்தம் இல்லை. தோற்றம் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். அந்தத் தோற்றம் சில இடத்தில் ஆளைச் சிக்கவைக்கும், சில இடத்தில் காப்பாற்றும், சில இடத்தில் ஒரு சட்டத்தையே செல்லாமல் ஆக்கும். எந்த இடம் என்று பார்க்காமல் பொருள் சொல்ல முடியாது.

வேறு எப்படித்தான் தமிழில் சொல்வது?

'சட்டத்தின் நிறத்தின் கீழ்' என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்திருக்கிறேன். படித்தவருக்கு மயக்கம் வந்திருக்கும். நான் இடத்துக்குத் தக்கபடி எழுதுவேன். அதிகாரியைப் பற்றி என்றால் 'பதவியின் பேரில்'. சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அட்டூழியம் செய்தால் 'சட்டப் போர்வையில்'. நிலத்தைப் பற்றி என்றால் 'உரிமைச் சாயல்'. சாயல் நல்ல சொல். மகனுக்கு அப்பா சாயல் என்றால் மகன் அப்பா ஆகிவிடுவதில்லை, ஆனாலும் ஏதோ ஒன்று இருக்கிறது.

பேச்சில் நமக்கு இதைவிடக் கச்சிதமான சொல் உண்டு: 'சாயம் வெளுத்துப் போச்சு'. 'கலரபிள்', அதாவது மேல்பூச்சு மட்டும்தான் என்று கோர்ட் ஒன்றைத் தள்ளும்போது நடப்பது அதுதான். மனுவில் எழுத முடியாது, அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

லத்தீனிலிருந்து. ரோமாபுரியில் பேச்சுக்கலை பயின்றவர்கள், தங்கள் கட்சிக்குச் சாதகமாக நடந்ததற்குப் பூசும் விளக்கத்தைக் 'கோலோர்' என்றார்கள். அந்தச் சொல்லின் வேரே 'மூடுவது, மறைப்பது' என்ற பொருளுடையது என்று சொல்லாராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். ஆக, நிறம் என்பதே மேலே மூடுகிற ஒன்று. நாமும் 'உடனே நடவடிக்கை எடுக்கும் வண்ணம்' என்று மனுவில் எழுதுகிறோம். அங்கே வண்ணத்துக்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்பதில்லை!

தோல் நிறத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பொருளில் இல்லை. ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அவர்களுடைய கூட்டாட்சிக் குற்றச் சட்டத்தில் 242 என்று ஒரு பிரிவு. ஏதாவது ஒரு சட்டத்தின் 'கலரில்' ஒருவருடைய உரிமையைப் பறித்தாலோ, அவருடைய 'கலர்' அல்லது இனம் காரணமாக மற்றவர்களைவிடக் கூடுதல் தண்டனைக்கு உள்ளாக்கினாலோ குற்றம் என்கிறது. முதல் கலர் போர்வை, இரண்டாவது கலர் தோல். அடிமை முறை ஒழிந்த கையோடு 1866இல் வந்த சட்டத்தில் இதற்கு வேர் இருக்கிறது.

1943இல் ஜார்ஜியா மாநிலத்தில் ராபர்ட் ஹால் என்ற கறுப்பினத்தவரை டயர் திருடியதாகச் சொல்லிப் பிடித்துவந்து, ஷெரீஃபும் அவர் ஆட்களும் அடித்தே கொன்றார்கள். 'அடித்துக் கொல்லச் சட்டம் சொல்லவில்லையே, அப்புறம் எப்படி இது சட்டத்தின் கலரில் நடந்ததாகும்?' என்பது எதிர்வாதம். 1945இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதிகாரியாக நின்று செய்த காரியம், அதிகாரத்தை மீறிச் செய்தாலும் சட்டத்தின் கலரில் செய்ததுதான் என்றது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வேறு காரணத்துக்காக வழக்கு மறுவிசாரணைக்குப் போய், ஷெரீஃப் விடுதலையாகி, பிற்பாடு மாநில செனட்டுக்கும் தேர்வானார்.

நம் அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவில் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்று இருக்கிறதே தவிர, தோல் நிறம் தனியாக இல்லை.

நம் நாட்டில் 'பதவியின் பேரில்' என்பது அதிகாரியைச் சிக்கவைக்குமா, காப்பாற்றுமா?

இரண்டும் உண்டு. காப்பாற்றுவதைத்தான் ஜனங்கள் எதிர்பார்ப்பதில்லை, அதனால் அதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பழைய பம்பாய் போலீஸ் சட்டத்தில் ஒரு பிரிவு. கடமையின் பேரிலோ கடமையை மீறியோ போலீஸ்காரர் செய்த காரியத்துக்கு வழக்குப் போடுவதென்றால் ஆறு மாதத்துக்குள் போடவேண்டும். மைசூர் மாநிலத்துத் தலைமைக் காவலர் ஒருவர் கஞ்சா பிடித்த விவகாரத்தில் பொய்யாகப் பஞ்சநாமாவும் (சாட்சிகளை வைத்து எழுதும் மகஜர்) அறிக்கையும் எழுதினார் என்று குற்றச்சாட்டு. வழக்கு ஆறு மாதம் கழித்து வந்தது. பொய் எழுதுவது கடமையா என்றால் இல்லை. ஆனால் பஞ்சநாமா எழுதுவது கடமை. அந்தக் கடமை கொடுத்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டு பொய் எழுதினார், ஆகவே இது கடமையின் 'கலரில்' செய்தது, கெடு தாண்டிய வழக்கு செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். 1960களின் தொடக்கத்தில் வந்த தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பில் ஒரு உதாரணம் சொல்லியிருக்கிறார்கள். தர்ம காரியத்துக்கு வசூல் செய்ய ஒருவரை நியமிக்கிறோம். அவர் அதைச் சாக்காக வைத்துத் தனக்குப் பணம் சேர்க்கிறார். தர்ம வசூலின் கலரில் தனக்கு வசூல் செய்தார் என்போம் இல்லையா, அதுதான் இது. நம் ஊர்க் கமிட்டிகளில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

சில வருடம் கழித்து, 1966இல், எல்லை போட்டார்கள். விசாரணை என்று கூட்டிப்போய் அடித்ததும் அடைத்துவைத்ததும் கடமையின் கலரில் வராது என்று இன்னொரு வழக்கில் சொன்னது அதே நீதிமன்றம். பஞ்சநாமா எழுதுவதற்கும் பொய்ப் பஞ்சநாமா எழுதுவதற்கும் ஒரு ஒட்டு இருக்கிறது. விசாரிப்பதற்கும் உதைப்பதற்கும் அந்த ஒட்டு இல்லை. 'கடமையோடு ஒட்டுகிறதா' என்பதே அளவுகோல். எனக்கு இந்த இரண்டாவது தீர்ப்புதான் பிடித்தது. முதல் தீர்ப்பு தர்க்கத்தில் சரி, வயிற்றில் சரியாக இறங்கவில்லை.

ஒரு அதிகாரி அரைகுறை ஆர்டரோடு வந்து என் வேலியைப் பிரிக்கிறார். தடுக்கலாமா?

மலையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. வாயால் தடுக்கலாம், கையால் கூடாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 37ஆவது பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 99, இப்படிச் சொல்கிறது: அரசு ஊழியர் நல்லெண்ணத்தோடு, பதவியின் பேரில் செய்யும் செயல் கறாராகப் பார்த்தால் சட்டப்படி சரியில்லை என்றாலும், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான பயம் இல்லாதவரை, அதற்கு எதிராகத் தற்காப்பு உரிமை கிடையாது. புல எண்ணில் ஒரு உட்பிரிவு தப்பாக விழுந்த ஆர்டர் என்பதற்காக மண்வெட்டியை ஓங்கினால், நில வழக்கு போய் கிரிமினல் வழக்கு வந்து சேரும்.

அதே பிரிவின் அடியில் இருக்கும் விளக்கத்தைப் பலர் படிப்பதில்லை. மேலதிகாரி உத்தரவின் பேரில் வந்தேன் என்கிறவர் எந்த அதிகாரத்தில் வந்தார் என்று சொல்லவேண்டும். எழுத்தில் இருந்தால், நீங்கள் கேட்டால் காட்டவேண்டும். காட்டாவிட்டால், அவர் உத்தரவின் பேரில் வந்தவர் என்பது உங்களுக்கு வேறு வகையில் தெரியாத பட்சத்தில், அந்தப் பாதுகாப்பு அவருக்கு இல்லை. ஆகவே மண்வெட்டிக்குப் பதிலாக இரண்டு கேள்வி: "ஆர்டர் எங்கே? காப்பி தருவீங்களா?" இதைச் சத்தம் போடாமல் கேட்கவேண்டும். பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக்கு நிறுத்திக்கொள்வது உங்கள் சாமர்த்தியம். புறம்போக்கு என்று சொல்லிக் காலி செய்ய வந்தால், 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7ஆவது பிரிவில் நோட்டீஸ் முதலில் வந்திருக்கவேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஆள் அதிகாரியே இல்லை என்றால்?

அப்போது கலர் அவரைச் சிக்கவைக்கும். இல்லாத பதவியில் இருப்பதாக நடித்து, அந்தப் பதவியின் பேரில் எதையாவது செய்தாலோ செய்ய முயன்றாலோ பாரதிய நியாய சன்ஹிதா 204ஆவது பிரிவில் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று வருடம் சிறை, அபராதமும் உண்டு. காக்கி பேன்ட் போட்டுக்கொண்டு நின்றால் மட்டும் இந்தக் குற்றம் ஆகாது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்ததல்லவா, அதைச் சாக்கிட்டு யாரோ ஒருவர் வளைவில் வண்டியை மறித்து 'பாஸ் இல்லையா, ஐந்நூறு கொடு' என்கிறார் என்று வையுங்கள். அந்தக் கேட்கிற கணத்தில் குற்றம் முழுமையாகிவிட்டது, நீங்கள் பணம் கொடுத்திருக்கவே வேண்டாம். ரசீது கேளுங்கள். அசலானவர் ரசீதுப் புத்தகத்தை எடுப்பார்.

'கலர் ஆஃப் டைட்டில்' என்றால்? என் பட்டா அதில் சேருமா?

உரிமை மாதிரி தோன்றுகிற பத்திரம், ஆனால் உள்ளே ஓட்டை. விற்றவருக்கே உரிமை இல்லாத கிரயம், பவர் ரத்தான பிறகு அந்தப் பவரை வைத்து எழுதிய பத்திரம், பாகப்பிரிவினையில் ஒரு தங்கையை விட்டுவிட்டு எழுதியது. பதிவு ஆகியிருக்கும், சீல் இருக்கும், சார்பதிவாளர் கையெழுத்து இருக்கும். பதிவு ஆனதாலேயே ஓட்டை அடைபட்டுவிடாது.

பட்டா விஷயம் வேறு. பட்டா வருவாய்த் துறைப் பதிவு, நிலவரி யாரிடம் வாங்குவது என்பதற்காக ஏற்பட்டது. வருவாய்ப் பதிவால் மட்டும் உரிமை பிறக்காது, போகவும் போகாது என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் நம் ஜனங்களுக்குப் பட்டா என்றால் பொண்ணு ஜாதகம் மாதிரி, அதைக் கையில் வாங்கினால்தான் தூக்கம்.

இதைவிட வேடிக்கை பி மெமோ. ஒரு முறை கூடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் உறை, அதற்குள் இன்னொரு உறை, அதற்குள்ளே வருடவாரியாக அடுக்கிய ரசீதுகள். விளிம்பு கரையான் அரித்து வளைவு வளைவாக இருந்தது. "இருவத்தாறு வருசமா கட்டறேன் சார், ஒரு வருசம் தவறினதில்லை. இதுக்கு மேல என்ன பத்திரம் வேணும்?" அத்தனையும் பி மெமோ ரசீது. பி மெமோ என்பது ஆக்கிரமிப்பாளருக்குப் போடும் தண்டத் தீர்வை. அவர் கட்டிய ஒவ்வொரு ரசீதும், 'இது சர்க்கார் நிலம், நான் ஆக்கிரமித்திருக்கிறேன்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. எத்தனை வருடம் அங்கே இருக்கிறார் என்று காட்ட அது உதவும். உரிமைச் சாயல்கூட அதில் கிடையாது. அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முதலில் டீ வாங்கிக் கொடுத்தேன்.

கரண்ட் பில், வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு முகவரி: இவையும் அனுபவத்துக்குச் சாட்சி, உரிமைக்கு அல்ல.

சாயல் மட்டும் இருக்கிற பத்திரத்தை நம்பி வாங்கிவிட்டேன். எல்லாம் போச்சா?

எல்லாம் போகவில்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882இன் 51ஆவது பிரிவைப் பாருங்கள். உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது என்று நல்லெண்ணத்தோடு நம்பி நிலத்தை மேம்படுத்தியிருக்கிறீர்கள், பிறகு உங்களைவிட நல்ல உரிமை உள்ளவர் வந்து காலி செய்யச் சொல்கிறார். அப்போது மேம்பாட்டின் மதிப்பைப் போட்டுக் கொடுக்கும்படியோ, அல்லது நிலத்தில் அவருக்குள்ள உரிமையை அன்றைய சந்தை விலைக்கு உங்களுக்கே விற்கும்படியோ நீங்கள் கேட்கலாம். எதைச் செய்வது என்று தேர்ந்தெடுக்கிற உரிமை வந்தவருக்கு. விலை போடும்போது உங்கள் மேம்பாட்டைச் சேர்க்கக்கூடாது.

அந்தப் பிரிவின் கடைசிப் பத்தி விவசாயிக்காகவே எழுதினது போல இருக்கும். வெளியேற்றும்போது நட்ட பயிர் நிலத்தில் நின்றால் பயிர் உங்களுடையது, பறிக்கவும் எடுத்துப் போகவும் தடையில்லாமல் உள்ளே வந்துபோகலாம். கேத்தியில் கேரட் போட்டவருக்கு இது சின்ன விஷயமா?

ஒரு எச்சரிக்கை. நல்லெண்ணம் வேண்டும். வில்லங்கச் சான்று எடுக்கவில்லை, தாய்ப் பத்திரம் கேட்கவில்லை, 'விலை சல்லிசா இருந்துச்சு' என்று வாங்கினேன் என்றால் நல்லெண்ணம் என்று யாரும் நம்பமாட்டார்கள். பி மெமோ பெரியவருக்கும் இந்தப் பிரிவு உதவாது, அவர் யாரிடமும் வாங்கவில்லை.

அமெரிக்காவில் கலர் ஆஃப் டைட்டில் இருந்தால் சீக்கிரம் சொந்தமாகிவிடுமாமே?

சில மாநிலங்களில் அப்படித்தான். ஓட்டைப் பத்திரமானாலும் கையில் இருந்தால் எதிரிடை அனுபவத்துக்கான (அடுத்தவர் நிலத்தில் நெடுநாள் இருந்தே உரிமை பெறுவது) காலம் குறையும். நம் கால வரையறைச் சட்டம் 1963இல் அந்தச் சலுகை இல்லை. தனியார் நிலத்துக்கு 12 வருடம், அரசு நிலத்துக்கு 30 வருடம். அதிலும் வெறுமனே இருந்தால் போதாது, உரிமையாளருக்கு எதிராக, ஒளிவுமறைவில்லாமல் இருந்ததை நிரூபிக்கவேண்டும்.

'கலரபிள் லெஜிஸ்லேஷன்' என்று பேப்பரில் போடுகிறார்களே, அது?

சட்டமன்றத்துக்கு ஒரு விஷயத்தில் அதிகாரம் இல்லை. நேராகச் செய்தால் மாட்டும். ஆகவே அதிகாரம் உள்ள வேறு விஷயத்தின் உடுப்பை மாட்டி அனுப்புகிறது. கோர்ட் உடுப்பைக் கழற்றிப் பார்க்கும்.

பீகார் ஜமீன் ஒழிப்புச் சட்டம் நல்ல உதாரணம். ஜமீன்தாருக்கு வரவேண்டிய குத்தகை பாக்கியை அரசே எடுத்துக்கொள்ளும், அதில் பாதியை 'இழப்பீடு' என்று அவருக்கே கொடுக்கும். என் பையிலிருந்து நூறு எடுத்து ஐம்பதை என் கையில் வைத்து 'வைத்துக்கொள்' என்பதற்குப் பெயர் இழப்பீட்டு விதியா? 1952இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியைத் தள்ளியது.

அடுத்த வருடமே ஒரிசாவின் கஜபதி நாராயண தேவ் வழக்கில் கோட்பாட்டைத் தெளிவாக்கினார்கள். சட்டமன்றத்தின் உள்நோக்கம் நல்லதா கெட்டதா என்ற ஆராய்ச்சி கிடையாது. அதிகாரம் இருந்ததா இல்லையா, அவ்வளவுதான். அதிகாரம் இருந்தால் எத்தனை கெட்ட எண்ணத்தோடு போட்டாலும் அது கலரபிள் ஆகாது. விவசாய வருமான வரியை ஏற்றி, அதன்மூலம் எஸ்டேட் இழப்பீட்டைக் குறைத்தார்கள் என்பது அங்கே புகார். வரி போட அதிகாரம் இருந்தது, ஆகவே சட்டம் நின்றது. டீக்கடையில் 'உள்நோக்கத்தோடு கொண்டுவந்த சட்டம், கோர்ட்டுல நிக்காது' என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

இதன் ஒன்றுவிட்ட தம்பி ஒன்று உண்டு. பீகாரில் 1967க்கும் 1981க்கும் இடையில் 256 அவசரச் சட்டங்கள் போட்டார்கள். சட்டமன்றத்தில் வைக்காமலே காலாவதியாகும்போதெல்லாம் திரும்பத் திரும்பப் போட்டு, சிலவற்றை 14 வருடம் வரை உயிரோடு வைத்திருந்தார்கள். புனேயின் பொருளாதாரப் பேராசிரியர் டி.சி. வாத்வா உட்கார்ந்து எண்ணி வழக்குப் போட்டார். நேராகச் செய்யக்கூடாததைச் சுற்றி வளைத்தும் செய்யக்கூடாது, இது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்று 1986 டிசம்பரில் தீர்ப்பு வந்தது.

கூடலூர் ஜென்ம நிலச் சட்டம் இதில் வருமா?

நேராக வராது, ஆனால் பக்கத்து வீடு. 1969ஆம் ஆண்டு கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தை எதிர்த்துப் பால்மாடீஸ் தோட்டக் கம்பெனி உச்ச நீதிமன்றம் போனது. நிலச் சீர்திருத்தம் என்றால் அரசியல் சாசனத்தின் 31ஏ பிரிவு பாதுகாப்பு தரும். 1972 தீர்ப்பில் சட்டத்தின் பெரும்பகுதி நின்றது. காடுகளை அரசு எடுப்பது மட்டும் நிலச் சீர்திருத்தமாகக் காட்டப்படவில்லை என்று அந்தப் பகுதி அடிபட்டது. தலைப்பைப் பார்க்காமல் உள்ளே இருப்பதைப் பார்க்கிற அதே பார்வைதான்.

கதை அங்கே முடியவில்லை. 1974இல் 34ஆவது திருத்தத்தின் மூலம் இந்தச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தார்கள். கோர்ட் தொடமுடியாத அலமாரி என்று அதற்குப் பெயர். அந்த அலமாரியையே திறந்து பார்க்கலாமா என்ற கேள்விதான் ஒன்பது நீதிபதிகள் முன்னால் போய், 2007 ஜனவரி 11 அன்று ஐ.ஆர். கொயலோ தீர்ப்பாக வந்தது. 1973 ஏப்ரல் 24 முதல் அதில் வைத்த சட்டங்களை அடிப்படைக் கட்டமைப்பு, அதாவது திருத்தம் போட்டும் மாற்றமுடியாத சாசன அடிப்படைகள் என்ற அளவுகோலால் சோதிக்கலாம் என்றார்கள். டெல்லியில் சட்டம் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் மனப்பாடம் செய்கிற தீர்ப்பு, ஆரம்பம் நம் கூடலூர்க் காடு. 'செக்ஷன் 17 நிலம்' என்று அங்கே இன்றும் பேசுகிறார்களே, அதுவும் இதே சட்டத்தில் தோட்டக் குத்தகை நிலங்களைப் பற்றிய 17ஆவது பிரிவுதான்.

அரசாணையே போர்வையாக இருந்தால்?

'கலரபிள் எக்ஸர்சைஸ் ஆஃப் பவர்' என்பார்கள். அதிகாரம் இருக்கிறது, ஆனால் எதற்காகக் கொடுத்தார்களோ அதற்காகப் பயன்படுத்தவில்லை. சட்டமன்றத்தின் எண்ணத்தைப் பார்க்கமாட்டோம் என்ற கோர்ட், அதிகாரியின் எண்ணத்தைப் பார்க்கும். பெரிய வித்தியாசம் இது. நில எடுப்பு வழக்குகளில் அதிகம் வரும். 'பொது நோக்கம்' என்ற அறிவிப்பே இறுதி என்று பழைய 1894 சட்டம் சொன்னபோதுகூட, அதிகாரத்தைப் போர்வையாக்கியிருந்தால் மட்டும் தலையிடுவோம் என்று 1962இல் சோமவந்தி வழக்கில் வழி வைத்தார்கள்.

கொடைக்கானல்காரர்கள் உடனே அந்த ஓட்டல் கட்டட வழக்கைச் சொல்வார்கள். அனுமதித்ததைவிடக் கூடுதலாக மாடிகள் எழும்பிய பிறகு, விதிவிலக்கு கொடுத்து அரசாணை வந்தது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு கோர்ட்டுக்குப் போய், ஆணை ரத்தாகி, 1995இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விதியைத் தளர்த்துகிற அதிகாரம் மீறினவருக்குப் பரிசு கொடுப்பதற்கு இல்லை என்றுதான் அதை நான் படிக்கிறேன்.

மலைப்பூண்டு மூட்டையில் 'கொடைக்கானல்' என்று அச்சடித்து வடநாட்டுப் பூண்டை விற்கிறார்கள். அதுவும் கலரா?

அங்கே சொல் 'கலரபிள் இமிடேஷன்', சாயல் நகல். அப்படியே அடித்த காப்பியாக இருக்கவேண்டியதில்லை. எழுத்தை ஒன்று மாற்றி, படத்தைக் கொஞ்சம் திருப்பி, வாங்குகிறவர் ஏமாறும் அளவுக்கு வைத்தால் போதும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தாகிவிட்டது. பொய்யாக அந்தக் குறியீட்டைப் போட்டால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை உண்டு. பூம்பாறையில் விளைந்த பூண்டைக் கையில் நசுக்கிப் பார்த்தவருக்கு லேபிள் தேவையில்லை. வடுகபட்டி சந்தையில் மூட்டையோடு வாங்குகிறவருக்குத் தேவை.

பழைய புத்தகத்தில் 'கிவிங் கலர்' என்று வருகிறது. என்ன அது?

இங்கிலாந்தில் முன்பு இருந்த ஒரு வழக்காடும் தந்திரம். பிரதிவாதி, வாதிக்கு இல்லாத ஒரு ஓட்டை உரிமையைத் தானே கற்பனையாகக் கொடுத்து எழுதுவார். அப்படி எழுதினால் விஷயம் சட்டக் கேள்வியாகி, ஜூரியிடம் போகாமல் நீதிபதியிடம் போகும். 1852இல் ஒழித்துவிட்டார்கள். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் தவிர யாரும் கவலைப்படவேண்டாம்.

என் மனுவில் 'கலரபிள்' என்று எழுதினால் கேஸ் பலமாகுமா?

சொல்லால் ஆகாது. 'பதவியைத் துஷ்பிரயோகம் செய்து, அதிகாரப் போர்வையில்' என்று ஆரம்பித்து மூன்று பக்கம் திட்டித் தீர்த்த மனுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீதிபதி கேட்பது ஒன்றுதான்: இந்த அதிகாரம் எதற்காகக் கொடுக்கப்பட்டது, இவர் எதற்காகப் பயன்படுத்தினார், அதை எந்தக் காகிதம் காட்டுகிறது?

கோத்தகிரிப் பக்கத்து ஒரு அக்கா, தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் போகும் பாதையை 'பொது நலன்' என்று சொல்லி மூடி ஆர்டர் போட்டுவிட்டார்கள் என்று வந்தார். எழுதிக் கொண்டுவந்திருந்த மனுவில் 'சதி' என்ற சொல் மட்டும் ஏழு இடத்தில். சீனியர் பேனாவை எடுத்து ஏழையும் அடித்தார். பிறகு ஓரத்தில் இரண்டு தேதிகளை எழுதினார். பக்கத்து நிலம் கைமாறிய கிரயத் தேதி ஒன்று, பாதையை மூடிய ஆர்டரின் தேதி ஒன்று. நடுவில் ஒன்பது நாள். "இதை மட்டும் டைப் பண்ணு, அந்தக் கிரயத்துக்குச் சான்று நகல் போட்டுடு" என்று என்னிடம் நீட்டினார்.